உள்ளே இருந்து யாரோ முறுக்கினார்கள்

பேய் ராத்திரியில்தான் வரும் என்று யார் சொன்னது? எனக்கு வந்தது ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. பக்கத்துத் தெருவில் பசங்க பந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் கத்துவது எனக்கு நன்றாகக் கேட்டது. நான் கத்தியதுதான் அவர்களுக்குக் கேட்கவில்லை.

இதை நான் ஜோடித்துச் சொல்லவில்லை. ஜோடிக்கும் அளவுக்கு எனக்குக் கற்பனை கிடையாது. எங்கள் பெண்ணுக்குத் தூங்கும்போது கதை சொல்ல உட்கார்ந்தால், "நீ வேண்டாம்மா, அப்பா சொல்லட்டும்" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வாள். நடந்ததை நடந்தபடி சொல்லத்தான் எனக்குத் தெரியும். நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு. என் வலது கன்னத்தில் இருக்கும் வட்டத் தழும்பைக் கிட்டத்தில் பார்த்தவர்கள் யாரும் இதுவரை சிரித்ததில்லை.

என் வீட்டுக்காரரும் நானும் சேர்ந்து ஒரே ஒரு வேலைதான் செய்கிறோம். உடைந்த போல்ட் எடுப்பது. எஞ்சினில் ஒரு போல்ட் பாதியில் முறிந்து மீதி உள்ளேயே மாட்டிக்கொண்டால் எவ்வளவு பெரிய மெக்கானிக்கும் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிடுவான். அப்போது எங்களுக்கு போன் வரும். வெல்டிங் மெஷினையும் டிரில்லையும் தூக்கிக்கொண்டு வண்டி நிற்கும் இடத்துக்கே போவோம். ஒர்க்‌ஷாப்காரர்கள் எங்களுக்கு வைத்திருக்கும் பெயர், பல் பிடுங்குகிற ஜோடி.

பலம் அவருடையது. கை என்னுடையது. அவர் கை முறம் மாதிரி இருக்கும். எஞ்சின் இடுக்கில் நுழையாது. என் கை எங்கேயும் போகும். அதனால் வெல்டிங் வைப்பதும் இடுக்கில் டிரில் போடுவதும் நான். ஸ்பானர் பிடித்து முறுக்குவது அவர்.

அவரைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். வீட்டில் எலி புகுந்தால் அதைப் பெட்டியில் பிடித்து, மூன்று தெரு தள்ளிப்போய் விட்டுவிட்டு வருகிற ஆள் அவர். கல்யாணமாகிப் பதினோரு வருஷத்தில் என்னை ஒருநாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எல்லாவற்றுக்கும் "ம்மா"தான். "டீ குடிக்கிறியாம்மா?" "ஸ்பானரை எடும்மா." கோபம் வந்தால்கூட, "என்னம்மா நீ..." என்று இழுப்பார். அவ்வளவுதான் அவர் கோபம்.

இந்த மனிதரின் கையைத்தான் அன்றைக்கு நான் சுத்தியலால் உடைத்தேன்.

அன்று கூப்பிட்டவர் எங்களுக்குப் பழக்கமான ஒர்க்‌ஷாப் முதலாளி. தாடிக்காரர் என்றால் எல்லோருக்கும் தெரியும்.

"அக்கா, ரெண்டு ஸ்டட் போச்சு. எக்ஸாஸ்ட் பக்கம்."

"எஞ்சினை இறக்கிட்டீங்களா?"

"இறக்கிறதா இருந்தா உங்களை ஏன்க்கா கூப்பிடுறேன்? வண்டிக்குள்ளயே வெச்சு எடுக்கணும். எனக்குன்னு ஆசையா வாங்கின வண்டி."

ஸ்டட் என்றால் தலை இல்லாத போல்ட். ஒரு முனை எஞ்சினுக்குள் திருகியிருக்கும். மறுமுனை வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அதில் புகைக்குழாயை மாட்டி நட் போட்டு இறுக்குவார்கள். வருஷக்கணக்கில் சூடாகி ஆறி, சூடாகி ஆறி, ஒருநாள் பட்டென்று முறிந்துவிடும். எஞ்சின் வெளியே மேஜையில் இருந்தால் சின்ன வேலை. வண்டிக்குள் இருந்தால், பானெட்டுக்குள் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு, ஒரு சாண் இடுக்கில், கண்ணாடியைக் காட்டிக் காட்டிச் செய்ய வேண்டும்.

நாங்கள் போனபோது மணி இரண்டு. தகரக் கூரை போட்ட ஷெட். வேலையாட்களுக்கு லீவு. நடுவில் அந்த வண்டி மட்டும், முன்பக்கம் ஜாக்கி ஸ்டாண்டில் ஏறி, பானெட்டைத் திறந்தபடி நின்றது. சாம்பல் நிற வண்டி. பழசு, ஆனால் அடிபடாத உடம்பு.

தாடிக்காரர் அவசரத்தில் இருந்தார். மாமியாரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டுமாம்.

"குழாயை நான் கழட்டி பெஞ்ச்ல வெச்சிட்டேன். முடிஞ்சதும் ஒரு போன் போடுங்க. ரோட்டுல போறவன் எல்லாம் எட்டிப் பாப்பான், ஷட்டரைப் பாதி இறக்கிக்கோங்க."

"வண்டி ஓடினதா இன்னிக்கு?"

"எங்கக்கா? கட்டி இழுத்துட்டு வந்து மூணு நாளாச்சு. சாவிகூடப் போடல."

அவர் போய்விட்டார். நான் ஷட்டரை இடுப்பளவுக்கு இறக்கினேன்.

வெல்டிங் வைப்பதற்கு முன்னால் பேட்டரியைக் கழற்றிவிட வேண்டும். இல்லாவிட்டால் வண்டியில் உள்ள சின்னச் சின்னப் பொருள் எல்லாம் புகைந்துவிடும். நான்தான் கழற்றினேன். நான்தான் தூக்கிக்கொண்டுபோய்ச் சுவரோரம் வைத்தேன். இதை நன்றாக மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் முன்சக்கரத்தை மூடியிருக்கும் ஃபெண்டர்மேல் மெத்தைத் துணியை விரித்துக் குப்புறப் படுத்து, தலையை உள்ளே விட்டேன்.

குழாயைக் கழற்றியிருந்ததால் எஞ்சின் பக்கவாட்டில் நான்கு ஓட்டைகள் வரிசையாகத் தெரிந்தன. புகை வெளியே வருகிற வாய்கள். கரி பிடித்துக் கறுப்பாக இருந்தன. நான்காவது ஓட்டை கடைசியில், இருட்டில். உடைந்த ஸ்டட் இரண்டும் அதன் மேலேயும் கீழேயும்தான்.

விரலால் தடவிப் பார்த்தேன்.

சூடாக இருந்தது.

தகரக் கூரை, மத்தியான வெயில், சுடத்தானே செய்யும் என்று நினைத்தேன். பிறகு முதல் ஓட்டையைத் தொட்டேன். ஜில்லென்று இருந்தது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதும். நான்காவது மட்டும், இப்போதுதான் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கின மாதிரி...

"என்னங்க, இங்க தொட்டுப் பாருங்க."

அவர் கை நுழையவில்லை. "வெயில்மா" என்றார்.

கண்ணாடியைப் பிடித்து ஸ்டட்டைப் பார்த்தேன். தானாக முறிந்த ஸ்டட் நேராகத்தான் முறியும். ஆயிரம் பார்த்திருக்கிறேன். மேல் ஸ்டட் வளைந்திருந்தது. மேலே இருந்து யாரோ ஓங்கி ஓங்கி அடித்த மாதிரி. அந்த வளைவின் இடுக்கில் ஏதோ கறுப்பாக மாட்டிக்கொண்டிருந்தது. இடுக்கியால் எடுத்தேன்.

முடி. நுனி கருகிச் சுருண்ட முடி.

"பூனையா இருக்கும்மா. சூட்டுக்கு எஞ்சின்ல வந்து படுத்திருக்கும், பாவம்" என்றார். பூனைக்குக்கூடப் பாவம் பார்க்கிற ஆள்.

பூனை முடி அவ்வளவு நீளம் இருக்காது. நான் அதைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அப்போதே மூட்டை கட்டியிருப்போமோ என்னவோ.

மேல் ஸ்டட் ஒரு நகத்தளவு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அதன்மேல் ஒரு நட்டை வைத்து, நட்டின் ஓட்டைக்குள் வெல்டிங்கை நிரப்பினால் இரண்டும் ஒன்றாக ஒட்டிக்கொள்ளும். அந்தச் சூட்டிலேயே உள்ளே இருக்கும் துருவும் பிடி விடும். பிறகு நட்டில் ஸ்பானர் போட்டு முறுக்க வேண்டியதுதான்.

வைத்தேன். நன்றாகப் பிடித்தது. செக்கச்செவேல் என்று பழுத்து, மெதுவாக நிறம் இறங்கியது. நான் நகர்ந்துகொண்டேன். அவர் நீளமான ஸ்பானரை மாட்டி, மேலே இருந்து பிடித்தார்.

"அசையுதுங்களா?"

"லேசா... அசையுது... இரு." அவர் முகம் மாறியது. "என்னம்மா இது, உள்ள போகுது?"

"எந்தப் பக்கம் திருப்புறீங்க?"

"கழட்டுற பக்கந்தான் திருப்புறேன். அது... அது இந்தப் பக்கம் இழுக்குது."

சிரித்தேன். ஸ்டட் எப்படி இழுக்கும்? "சாப்பிட்டதெல்லாம் எங்க போச்சு? நல்லா புடிங்க" என்றேன்.

அவர் இரண்டு கையாலும் பிடித்தார். கழுத்து நரம்பு புடைத்தது.

சடக்!

ஸ்பானர் அவர் பிடியைப் பிய்த்துக்கொண்டு ஒரு சுற்று சுற்றி அவர் வாயில் அடித்தது. சத்தம் தகரக் கூரை வரை போனது. அவர் பின்னால் போய்ப் பெஞ்சில் மோதி உட்கார்ந்தார். உதடு கிழிந்து தொங்கியது. ரத்தம் தாடையில் இறங்கிச் சட்டையை நனைத்தது. எதையோ துப்பினார். சிமெண்ட் தரையில் ஒரு பல் துள்ளிப் போய் விழுந்தது.

நான் பதறிப்போய்த் துணியை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் நீட்டிய துணியைத் தட்டிவிட்டார்.

"போதுங்க, ஆஸ்பத்திரிக்குப் போலாம்."

"டிரில்லை எடு."

"ரத்தம் கொட்டுதுங்க..."

"எடு."

எடும்மா இல்லை. எடு. பதினோரு வருஷத்தில் முதல் தடவை.

வலியில் பேசுகிறார் என்று நினைத்துக்கொண்டேன். வேறு என்ன நினைப்பேன்? சீக்கிரம் முடித்துவிட்டால் கூட்டிப்போகலாம் என்று டிரில்லை எடுத்தேன்.

கீழ் ஸ்டட் எஞ்சினோடு சமமாக முறிந்திருந்தது. நட் வைக்க இடமில்லை. நடுவில் துளை போட்டுத்தான் எடுக்க வேண்டும். மறுபடியும் குப்புறப் படுத்து, தலையை உள்ளே விட்டேன். கழுத்து திரும்பிய டிரில். சின்னது, ஆனால் முரடு. அவர் பின்னால் நின்று லைட் பிடித்தார்.

துளை போட ஆரம்பித்தேன். இரும்புத் தூள் வரும் இல்லையா? காய்ந்து, சூடாக, மின்னிக்கொண்டு வரும். அன்று வந்தது ஈரமாக வந்தது. கறுஞ்சிவப்பாக, சேறு மாதிரி. என் விரலில் ஒட்டிக்கொண்டது.

முடி கருகும் நாற்றம் அடித்தது.

"லைட்டைக் கொஞ்சம் கீழ காட்டுங்க."

லைட் அசையவில்லை.

"என்னங்க..."

அவர் மூச்சு மட்டும் கேட்டது. அவர் அப்படி மூச்சு விட்டு நான் கேட்டதே இல்லை. தடித்த மூச்சு. ஓடி வந்த மாதிரி.

அப்போது என் கன்னத்தில் காற்று பட்டது.

நான்காவது ஓட்டையிலிருந்து வந்தது. வெதுவெதுப்பாக. உள்ளே போனது... வெளியே வந்தது. உள்ளே போனது... வெளியே வந்தது.

டிரில்லை நிறுத்தினேன்.

"விடு...ங்க...ண்ணே..."

ஓட்டைக்குள்ளிருந்து. என் காதிலிருந்து நான்கு விரல் தள்ளி. ஒரு ஆண் குரல். அழுகிற குரல்.

வெளியே வர வேண்டும் என்று தெரிகிறது. கால் அசையவில்லை.

டிரில் தானாகச் சுற்றியது.

விசையில் என் விரல் இல்லை. சத்தியமாக இல்லை. டிரில்லின் முனை ஸ்டட்டுக்குள் கவ்வி, டிரில் முழுவதும் புரண்டது. என் வலது மணிக்கட்டும் அதோடு புரண்டது. படக்கென்று எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது.

அலறினேன்.

பின்கழுத்தில் ஒரு கை விழுந்தது.

முதலில், தூக்கிவிடத்தான் பிடிக்கிறார் என்று நினைத்தேன்.

கை அழுத்தியது.

"என்னங்க... வலிக்குது... தூக்குங்க..."

இன்னும் அழுத்தியது. இன்னொரு கையும் சேர்ந்தது. பத்து விரலும் சதையில் இறங்கின. என் முகம் எஞ்சினை நோக்கிப் போனது.

"டேய்."

அவர் குரல்தான்... ஆனால் அவர் குரல் இல்லை.

"டேய். சொல்றா. சொல்லுடா."

கட்டின பெண்டாட்டியை எந்த மனுஷன் டேய் என்பான்?

கால்களை உதைத்தேன். முட்டி ஃபெண்டரில் இடித்து இடித்துத் தோல் கிழிந்தது. ஒருவருடைய முழு எடையும் என் முதுகில் ஏறியது.

டக்... டக்... டக்...

எஞ்சின் சுற்றியது. செல்ஃப் அடிக்கும் சத்தம். பேட்டரி சுவரோரம் கிடக்கிறது. நான் வைத்த இடத்திலேயே கிடக்கிறது.

டக் டக் டக் டக்...

பிடித்துக்கொண்டது.

நான்கு ஓட்டையும் திறந்து கிடக்கின்றன. குழாய் இல்லை. பட் பட் பட் பட் என்று ஒவ்வொன்றும் நெருப்பைத் துப்பியது. இமை முடி பொசுங்கியது.

முகத்தைத் திருப்பினேன்.

வலது கன்னம் நான்காவது ஓட்டையின் விளிம்பில் போய் ஒட்டியது.

அந்த வலியை எழுத எனக்குத் தெரியவில்லை.

வாய் திறந்தது. என் வாய்தான்.

"விடுங்கண்ணே! நான் இல்லண்ணே! சத்தியமா நான் எடுக்கலண்ணே!"

என் வாயிலிருந்து அந்த ஆண் குரல் வந்தது. எதை எடுக்கவில்லை? யார் அண்ணன்? எனக்குத் தெரியாது. என் புருஷனை நான் எதற்கு அண்ணே என்று கூப்பிட வேண்டும்?

"அண்ணே... அண்ணே... ண்ணே..."

இடது கை எதையோ தேடியது. வெல்டிங் கசடு தட்டுகிற கூர் சுத்தியல் கிடைத்தது.

பின்னால் வீசினேன்.

ஒன்று. எலும்பில் பட்டது.

இரண்டு. ஏதோ நொறுங்கியது.

மூன்று...

பிடி விட்டது.

எஞ்சின் நின்றது. அவ்வளவு நேரம் ஓடினதற்கு அடையாளமே இல்லாத மாதிரி, பட்டென்று நின்றது.

தோலைப் பிய்த்துக்கொண்டு முகத்தை எடுத்தேன். மறுபடி அடிக்கச் சுத்தியலை ஓங்கிக்கொண்டு திரும்பினேன். இந்தத் தடவை மண்டையில்தான் அடித்திருப்பேன். மறைக்க எதுவும் இல்லை. அவரைக் கொன்றிருப்பேன்.

பின்னால் யாரும் இல்லை.

அவர் வண்டியின் அந்தப் பக்கம் இருந்தார். எஞ்சினுக்கு எதிர்ப்பக்க ஃபெண்டரில், என்னைப் போலவே குப்புற விழுந்து கிடந்தார். நெற்றி பிளந்து ரத்தம். மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தார். வலது கையை நெஞ்சோடு அணைத்திருந்தார். மூன்று விரல்கள் வேறு வேறு பக்கம் திரும்பியிருந்தன.

மெதுவாகத் தலையைத் தூக்கினார். கண்ணில் தண்ணீர்.

"ஏம்மா..." என்றார். "ஏம்மா என்னை அப்படிப் புடிச்சு அழுத்தின?"

சுத்தியலைக் கீழே போட்டேன்.

"மூச்சு விடமுடியலம்மா. கெஞ்சினேனே... கேக்கவே மாட்டேங்கிற. டேய் டேய்ன்னு..."

அவர் கழுத்தைப் பார்த்தேன். பின்பக்கம் முழுவதும் விரல் தடம். ரத்தம் கட்டி, பத்தும் பதிந்திருந்தன.

என் கழுத்தைத் தொட்டுப் பார்த்தேன். எனக்கும் இருந்தது.

கிர்ர்...

இருவரும் கேட்டோம்.

கிர்ர்ர்...

நான் வெல்டிங் வைத்த நட். தானாகச் சுற்றியது. கால் சுற்று. நின்றது. இன்னொரு கால் சுற்று. கழலும் பக்கம். யாரோ உள்ளே உட்கார்ந்துகொண்டு, மூச்சு வாங்கி வாங்கி முறுக்குகிற மாதிரி.

டிங்.

ஸ்டட்டோடு சேர்ந்து கீழே விழுந்து உருண்டது.

பிறகு கீழ் ஸ்டட். பிடிக்க ஒன்றுமே இல்லாத ஸ்டட். உள்ளே இருந்து யாரோ தள்ளத் தள்ள, புழு மாதிரி வெளியே வந்தது.

டிங்.

"ஓடும்மா" என்றார்.

பானெட் தடாலென்று மூடியது. பெஞ்சில் இருந்த ஸ்பானர்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சுவரில் போய் அடித்தன. ஒன்று என் தோளைக் கிழித்துக்கொண்டு போனது.

ஷட்டர் பத்தடி தூரம்.

நான் குனிந்து வெளியே தலையை நீட்டிவிட்டேன். வெயில் முகத்தில் அறைந்தது. பின்னால் அவர் விழுந்த சத்தம்.

திரும்பினேன்.

குப்புறக் கிடந்த அவரை எதுவோ காலைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. வண்டிக்கு அடியில். முட்டி வரை உள்ளே போய்விட்டார். நகத்தால் சிமெண்டைப் பிறாண்டினார். நகம் பெயர்ந்து ரத்தக் கோடு விழுந்தது.

ஜாக்கி ஸ்டாண்ட் ஆடியது.

எனக்கு ஒரு கைதான். அவர் காலரைப் பிடித்து இழுத்தேன். காலால் வண்டியின் பம்பரை உதைத்துக்கொண்டு இழுத்தேன். "விடுறா! அவரை விடுறா!" என்று கத்தினேன். யாரிடம் கத்தினேன்? தெரியாது.

பொத்தென்று வந்தார்.

தடால்!

ஸ்டாண்ட் சாய்ந்து வண்டி கீழே விழுந்தது. அவர் வலது கால் செருப்பு சக்கரத்துக்கு அடியில் இருந்தது. நல்லவேளை, கால் அதற்குள் இல்லை. ஒரு நொடி... ஒரே ஒரு நொடி.

இருவரும் ஷட்டருக்கு அடியில் உருண்டு தெருவில் விழுந்தோம்.

பந்து விளையாடிய பசங்க ஓடி வந்தார்கள். ஒருவன் எங்களைப் பார்த்ததும் வாந்தி எடுத்தான். இத்தனை சத்தம் கேட்கவில்லையா என்று பிற்பாடு அவர்களிடம் கேட்டேன். "டிரில் சத்தம் மட்டுந்தான் ஆன்ட்டி கேட்டுச்சு" என்றார்கள். எஞ்சின் ஓடிய சத்தம்கூடக் கேட்கவில்லையாம்.

ஆஸ்பத்திரியில் எங்களை ஒரு பெண் டாக்டர் பார்த்தார். பெண்டாட்டிக்குக் கன்னம் வெந்திருக்கிறது, மணிக்கட்டு முறிந்திருக்கிறது. புருஷனுக்கு ஒரு பல் போயிருக்கிறது, விரல் நொறுங்கியிருக்கிறது. இருவர் கழுத்திலும் விரல் தடம். டாக்டர் என்ன நினைத்திருப்பார் என்று உங்களுக்கே தெரியும். போலீஸ் வந்தது. ஒரு பெண் போலீஸ் எங்களைத் தனித்தனியாக உட்கார வைத்து விசாரித்தார்.

"அடிச்சது யாரு? பயப்படாம சொல்லு."

"தெரியல மேடம். பின்னாடி இருந்து பிடிச்சாங்க."

என் வீட்டுக்காரரிடமும் அதே கேள்வி. அவரும் அதே பதில். "இதுங்க ரெண்டும் பேசி வெச்சுக்கிட்டு வந்திருக்குங்க" என்று அந்தப் பெண் போலீஸ் வெளியே போய்ச் சொன்னது எனக்குக் கேட்டது. என் நாத்தனார் வந்து, தம்பியின் கையைப் பார்த்துவிட்டு, என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. பெண்ணை மட்டும் தன் வீட்டுக்குக் கூட்டிப்போய்விட்டாள். ஒரு மாதம் அனுப்பவே இல்லை. அவள்மேல் எனக்கு வருத்தம் இல்லை. நானாக இருந்தாலும் அனுப்பியிருக்க மாட்டேன்.

இன்றைக்கும் நாங்கள் சேர்ந்துதான் வேலைக்குப் போகிறோம். ஆனால் அவர் எனக்குப் பின்னால் நிற்பதில்லை. எதிரில் வந்து, நான் பார்க்கிற இடத்தில்தான் நிற்பார். நான் சொல்லாமலே அப்படிச் செய்கிறார். தூக்கத்தில் அவர் கை என் தோளில் பட்டால் எனக்கு உடம்பு தூக்கிப்போடும். என் கை பட்டால் அவருக்கும். இருவரும் முழித்துக்கொண்டு ஒருவரை ஒருவர் பார்ப்போம். "நான்தாம்மா" என்பார். "நான்தாங்க" என்பேன். அதற்கப்புறம் எங்கே தூக்கம்?

அது நடந்த நான்காம் நாள் தாடிக்காரர் ஆஸ்பத்திரிக்கு வந்தார். கையில் ஆரஞ்சுப் பழம். முகம் வெளிறிப்போயிருந்தது. வந்தவுடன், "ரெண்டு ஸ்டட்டும் சுத்தமா வந்திருக்கேக்கா" என்றார். என்ன பேசுவதென்று தெரியாமல் சொல்லிவிட்டார், பாவம். பிறகு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, குரலை இறக்கினார்.

வண்டியை விற்றவனைப் பிடித்து உலுக்கியிருக்கிறார். அவன் வாய் திறக்கவில்லை. அதற்கு முன்னால் வண்டி எங்கே இருந்தது என்று விசாரித்துக்கொண்டே போய், ஊருக்கு வெளியே ஒரு பஞ்சர் கடைக்காரரிடம் போய் நின்றிருக்கிறார். அந்தப் பஞ்சர் கடைக்குப் பக்கத்தில் முன்பு ஒரு ஒர்க்‌ஷாப் இருந்ததாம். அண்ணன், தம்பி இரண்டு பேர் நடத்தியது. ஒரு தட்டில் சாப்பிட்டவர்கள்.

ஒருநாள் மத்தியானம் என்னவோ காணோம் என்று சண்டை. அண்ணன் தம்பியின் கழுத்தைப் பிடித்து, ஓடிக்கொண்டிருந்த இந்த வண்டியின் எஞ்சினில் முகத்தை வைத்து அழுத்தியிருக்கிறான். தம்பி கெஞ்சக் கெஞ்ச விடவில்லை. இரும்புக் கம்பியால் தலையில் அடித்திருக்கிறான். தலைக்குப் பட்டது பாதி, எஞ்சினுக்குப் பட்டது பாதி. இது பஞ்சர் கடைக்காரரே கண்ணால் பார்த்தது. அவர் கூச்சல் போட்டு ஆளைத் திரட்டுவதற்குள் அண்ணன் ஷட்டரை இறக்கி உள்பக்கம் பூட்டிக்கொண்டான். யார் தட்டியும் திறக்கவில்லை. அன்றைக்குப் பார்த்து ஆற்றுப் பாலம் உடைந்து, போலீஸ் வந்து சேரவே மறுநாள் காலை ஆகிவிட்டது. அவ்வளவு நேரமும் பத்து இருபது பேர் ஷட்டருக்கு வெளியிலேயே காவல் இருந்திருக்கிறார்கள். பொழுது விடியும் நேரத்தில் உள்ளே எஞ்சின் ஸ்டார்ட் ஆகும் சத்தம் கேட்டதாம். ஒருவன் அலறும் சத்தமும்.

"அண்ணன் தற்கொலை பண்ணிக்கிட்டானா?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார்.

தாடிக்காரர் ஆரஞ்சுப் பையின் முடிச்சைப் போட்டுப் போட்டு அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

ஷட்டரை வெட்டி உள்ளே போனபோது அண்ணன் எஞ்சின்மேல் குப்புறக் கிடந்தானாம். முகம் முழுவதும் வெந்துபோயிருந்தது. பின்கழுத்தில் சதை பிய்ந்து, பத்து விரல் தடம். தம்பி முந்தின நாள் விழுந்த இடத்திலேயே, மூலையில், உடம்பு விறைத்துக் கிடந்தான். அண்ணன் அலறின நேரத்தில் அவன் செத்து முழுசாகப் பதினைந்து மணி நேரம் ஆகிவிட்டது என்று பரிசோதித்த டாக்டர் எழுதிக் கொடுத்தாராம்.

அந்தத் தம்பியின் பத்து நகத்துக்குள்ளேயும் இருந்தது, அண்ணனின் கழுத்துத் தோல்.